ஒரு வாரமாகியும் விடாத குளிர்காய்ச்சலா? கல்லீரலைக் கவனியுங்கள்!

பழநியை அடுத்த பாலசமுத்திரத்தில், பாலாறு-பொருந்தலாறு அணைத் தண்ணீரை நம்பி விவசாயம் நடக்கிறது. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை, மறுநாள் காட்டு வேலை என்பதுதான் விவசாயக் குடும்பங்களின் வழக்கம். பெரும்பாலான காய்ச்சல்கள் அதோடு போய்விடும். ஆனால், ஒரு வாரமாகியும் உடம்பைத் தூக்கிப்போடும் குளிர், பசியின்மை, வலது விலாவுக்குக் கீழே வலி என்று தொடர்ந்தால், கல்லீரலில் சீழ்க்கட்டி இருக்கலாம்.

குடலிலிருந்து புறப்படும் ரத்தம், இதயத்துக்குப் போகும் முன்பு கல்லீரலைக் கடந்தாக வேண்டும். அந்த ரத்தத்தோடு பாக்டீரியாவும் வந்து சேரலாம். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கிருமி மேலேறும். ஈ.கோலை, கிளப்சியெல்லா ஆகியவை இதில் முக்கியமானவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் வேகம் குறைவதால் ஆபத்து அதிகம்.

அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வரும் அமீபாவும் கல்லீரலில் கட்டியை உண்டாக்கும். அறிகுறிகள் ஒன்றுபோலவே இருந்தாலும் மருந்து வேறு. அதனால், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடுவது சரியல்ல.

வயதானவர்களுக்கு வலியே தெரியாமல், அசதியும் எடை குறைவும் மட்டும் இருக்கலாம். சிலருக்கு வலது தோளில் வலிக்கும். வேலை செய்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நாள் கடந்தால் கட்டி உடையலாம். கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். கிளப்சியெல்லா சிலருக்குக் கண்ணுக்கும் பரவிப் பார்வையைப் பறித்துவிடும்.

வயிற்றை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தால், பெரும்பாலும் கட்டி தெரிந்துவிடும். ஒரு காலத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் சீழை எடுத்தார்கள். இன்று ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியாலோ மெல்லிய குழாயாலோ வெளியேற்றுகிறார்கள். கூடவே ஆன்டிபயாடிக் மருந்து, பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் வரை தேவைப்படும்.

பலர் தவறுவது இங்கேதான். காய்ச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் கிருமி மறுபடியும் தலைதூக்கும். டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தைச் சாப்பிட வேண்டும்; சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் பணியாளரிடம், "பத்து நாளா குளிர்காய்ச்சல் விடலைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். அடுத்த நாளே பழநி அரசு மருத்துவமனைக்கும் போய்விடலாம். காட்டு வேலை நாலு நாள் பொறுக்கும், கல்லீரல் பொறுக்காது!