நாய்வேளையும் நல்வேளையும்

புரட்டாசி மழைக்குப் பிறகு, கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையோரத்திலும் மக்காச்சோளக் கொல்லை வரப்பிலும் ஆட்டுப்பட்டி பிரித்த இடத்திலும் இரண்டு செடிகள் கலந்து முளைக்கின்றன. இரண்டிலும் ஒரே காம்பில் மூன்றும் ஐந்துமாகச் சிற்றிலைகள், நாலே இதழ், நீண்ட காய், காய்க்குள் கடுகளவு விதை. ஒன்று நாய்வேளை, நாய்க்கடுகு என்றும் சொல்வார்கள். மற்றது நல்வேளை, தைவேளை என்பதும் அதுவே. களைவெட்டில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. பிடுங்கிப் போடும் முன் ஒரு நிமிடம் குனிந்து பார்க்கத் தகுந்தவை.

இவை கடுகுக் குடும்பத்தின் பங்காளிகள். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் அடங்கிய அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 4,000 இனங்கள் உண்டு. ஆனால் அது குளிர்ச்சியை நாடும் கூட்டம். நம் சமவெளி வெயிலில் தானாக முளைத்து நிலைப்பவை மிகச் சொற்பம். இங்கே வேரூன்றியது வேளைக் குடும்பம். இரு குடும்பங்களும் பிரிந்து சுமார் நாலு கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்பது மரபணுக் கணக்கு. அப்படியும் வேளை இலையைக் கசக்கினால் கடுகின் நெடி மூக்கில் ஏறுகிறது. இலையில் கந்தகம் கலந்த ஒரு சேர்மமும் அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. புழு கடித்தால் இரண்டும் கலந்து காரமான எண்ணெய் உண்டாகும். கடுகை அரைக்கும்போது நடப்பதும் இதுதான். பல பூச்சிகளை விரட்டும் இந்தக் காரத்தைச் சில வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் தாங்கிக்கொள்கின்றன. முட்டைக்கோஸைத் தேடிப் போகும் வெள்ளைகளின் உறவான சைக்கி, தரையை ஒட்டித் தளர்வாகப் பறந்து வந்து நாய்வேளையில் முட்டையிடும்.

கடுகிலிருந்து வேளையைப் பிரித்தறிய, அஞ்சறைப்பெட்டிக் கடுகைத் தொட்டியில் தூவிப் பூக்கவிட்டாலே போதும். கடுகின் நாலு இதழும் நாலு திசைக்கு விரியும். வேளையில் அவை ஒரு பக்கமாக மேலே ஒதுங்கி நிற்கும். முற்றிய கடுகுக் காயைப் பிளந்தால் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று ஓடும். வேளைக் காயில் அந்தச் சவ்வு இல்லை. ஓரச் சட்டம் மட்டும் நிற்க, விதைகள் அதில் ஒட்டியிருக்கும்.

இனி வேளைகளுக்குள் எது எது? நாய்வேளை பிசுபிசுக்கும். ஆனால் நல்வேளையிலும் ஒட்டும் ரோமங்கள் உண்டு, ஆகவே விரலை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பூவைப் பார்க்க வேண்டும். நாய்வேளைப் பூ மஞ்சள். பத்து இருபது மகரந்தத் தண்டுகள் இதழ்களின் நடுவிலிருந்தே கிளம்பும். நல்வேளைப் பூ வெள்ளை, சிலபோது இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். அதன் நடுவிலிருந்து குத்துவிளக்கின் தண்டைப் போல் ஒரு தண்டு எழும்புகிறது. இதழ்களை விட்டு வெகுவாக விலகி, அந்தத் தண்டின் மேலே ஆறு மகரந்தத் தண்டுகள் விரிகின்றன. சூல் அதற்கும் மேலே. பூ உதிர்ந்த பிறகும் சாட்சி அழியாது. நாய்வேளைக் காய் பூக்காம்பின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். நல்வேளைக் காய் நீண்ட காம்பில் நிற்கும். கண்ணருகே பிடித்தால் காம்பில் இரண்டு தழும்பு தெரியும். கீழே இதழ்கள் உதிர்ந்த இடம், மேலே மகரந்தத் தண்டுகள் உதிர்ந்த இடம். ஒரு பூவின் கட்டுமானம் முழுவதும் காய்க்காம்பில் எழுதிவைத்தது போல நிற்பதை வேறு களைச்செடியில் நான் பார்த்ததில்லை.

1753இல் லின்னேயஸ் இவற்றுக்குப் பெயரிட்டபோது, கடுகுச் செடிகளை வைத்த வகுப்பிலேயே கடைசியாகச் சேர்த்தார். பின்வந்தவர்கள் ஆதண்டை, மாவிலங்கம் இருக்கும் குடும்பத்துக்கு மாற்றினார்கள். 2002இல் பசுங்கணிக மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு, வேளைக்கு ஆதண்டையைவிடக் கடுகே நெருக்கம் என்று காட்டியது. இப்போது அது தனிக் குடும்பம்.

நம் இலக்கியம் வேளையை இன்னும் முன்பே பார்த்துவிட்டது. கோப்பெருஞ்சோழன் பாடிய புறநானூற்று 215ஆம் பாட்டில், எருப்பொடி படிந்த தெருவில் தழைத்த வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் இட்டு ஆய்மகள் புளிக்கூழ் சமைக்கிறாள். பூ வெள்ளை என்பதால் அது நல்வேளை என்றே கொள்ளலாம். எரு மண்ணும் பொருந்துகிறது. பட்டி போட்ட நிலத்தில் இன்றும் அது கொழிக்கிறது.

நாய்வேளைக்கும் நல்வேளைக்கும் உள்ள பெரிய வேற்றுமை இலைக்குள் இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி, வெயில் ஏற ஏற ஆக்சிஜனையும் தவறிப் பிடிக்கிறது. செடிக்கு அது நட்டம். நெல்லும் கடுகும் நாய்வேளையும் இந்த நட்டத்தோடு வாழ்கின்றன. நல்வேளையின் இலையில் நரம்புகள் நெருங்கி ஓடுகின்றன. ஒவ்வொரு நரம்பையும் பச்சையம் நிறைந்த உயிரணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. வெளியே உள்ள உயிரணுக்கள் வாயுவை அமிலமாக்கி உள்ளே தள்ள, அங்கே செறிந்த வாயுவில் ருபிஸ்கோ பிசகாமல் வேலை செய்கிறது. மக்காச்சோளமும் கரும்பும் செய்வது இதையே. வரப்புக்கு உள்ளே மக்காச்சோளம், வரப்பின் மேல் நல்வேளை: நெருங்கிய உறவில்லாத இரண்டும் தனித்தனியே ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸின் மரபணுத் தொகுதி 2000இலேயே படித்து முடிக்கப்பட்டிருந்தது. அதன் பங்காளியான நல்வேளையை அதனோடு ஒப்பிட்டால், எந்த மரபணுக்கள் மாறி இந்த உத்தி வந்தது என்று தேடலாம் என 2005இல் கேம்பிரிட்ஜின் ஜூலியன் ஹிபர்டும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். வேளை இனங்களில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடைப்பட்ட இலையமைப்பு கொண்டவையும் உண்டு என்பது 2007இல் வெளிவந்தது. நெல்லுக்கு இந்த உத்தியைக் கற்பிக்க முயல்பவர்கள் தேடுபவற்றில் ஒன்று, இலையின் நரம்புகளை நெருங்கி ஓடவைக்கும் மரபணுக்கள்.