நெல்வகைப் பட்டியலைக் கைப்பேசியில் நிலையாகச் சேமித்தல்: எழுத்துக்குறியாக்கமும் அகரவரிசையும்

திறவுச்சொற்கள்: மரபு நெல், கைப்பேசிச் செயலி, ஒருங்குறி, அகரவரிசை, எஸ்கியூலைட்

காவிரிப் படுகையின் மரபு நெற்பெயர்களைத் திரட்டும் பணி, திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 174 வகைகளை மீட்டவராக அறியப்படும் நெல் ஜெயராமனின் மறைவிற்குப் (2018) பின்னரும் தொடர்கிறது. களஆய்வாளர் குறிப்பேட்டிற்கு மாற்றாகக் கைப்பேசிச் செயலியில் பதியும் பெயர்ப்பட்டியல் எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயலி இயங்கும்போது பட்டியல் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே உள்ளது. செயலி மூடப்பட்டாலோ, நினைவகம் போதாமல் இயங்குதளமே அதனை நிறுத்திவிட்டாலோ ஒரு நாள் உழைப்பு அழியும். ஆகவே ஒவ்வொரு பதிவும் உடனுக்குடன் கருவியின் சேமிப்பகத்திற்குச் செல்லவேண்டும். ஆண்ட்ராய்டில் எளிய வழி ஷேர்டு பிரிஃபரன்சஸ். ஆனால் அதில் பட்டியலை எழுத்துச்சரக் கணமாக வைத்தால் வரிசை காக்கப்படுவதில்லை. உழவர் எப்பெயரை முதலில் நினைவுகூர்ந்தார் என்பதும் தரவே எனக் கொள்ளும் ஆய்வுக்கு இது பேரிழப்பு. ஜேசான் வடிவச் சரமாக்கிக் கோப்பில் எழுதினால் வரிசை நிற்கும். ஊர், பருவம், நாள் ஆகியனவும் சேர்ந்து, பின்னர்த் தேடவும் வேண்டுமெனில் எஸ்கியூலைட் தரவுத்தளமே தக்கது.

தமிழுக்கே உரிய சிக்கல் இதன்பின் தொடங்குகிறது. இடம் ஒரு பொருட்டன்று: யூ.டி.எஃப்-8 முறையில் 'நெல்' என்பது நான்கு குறியீடுகள், 12 பைட்டு. ஆயிரம் பெயர்களும் ஓர் ஒளிப்படத்தின் அளவை எட்டா. வரிசைதான் இடர். எஸ்கியூலைட் இயல்பாகப் பைட்டு மதிப்பைக் கொண்டே அடுக்கும். ஒருங்குறி அட்டவணையில் ளகரம் ழகரத்திற்கு முன் நிற்பதால் குள்ளக்கார் முன்னும் குழியடிச்சான் பின்னும் வரும். நெடுங்கணக்கின்படி இது தலைகீழ். ஆண்ட்ராய்டு கூடுதலாகத் தரும் லோக்கலைஸ்டு ஒப்பீட்டு முறையை வினவலில் குறிப்பிட்டால், கைப்பேசியின் மொழி தமிழாக இருக்கும்போது, தமிழ் அகரவரிசை கிட்டும்.

அதனினும் நுட்பமானது ஒகரக் குறி. அதனை ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தோன்றாது. தரவுத்தளத்திலோ கொத்தமல்லிச் சம்பா இரண்டு நெல்லாகிவிடும்! சேமிக்குமுன் என்.எஃப்.சி இயல்பாக்கம் செய்தால் இது தீரும். 'மாப்பிள்ளைச் சம்பா', 'மாப்பிள்ளை சம்பா' என ஒற்று மிக்கும் மிகாமலும் வருவதை அது தீர்க்காது. செயலி தானே அதனைத் திருத்துவது முறையன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து. உழவர் சொன்ன வடிவம் ஒரு புலத்திலும், ஒப்பிடுதற்குரிய பொதுவடிவம் மற்றொரு புலத்திலும் இருத்தல் வேண்டும்.

செயலியின் தனிச் சேமிப்பகம், செயலியை நீக்கியவுடன் தானும் நீங்கும். எனவே களத்திலிருந்து திரும்பிய அன்றே, இரு புலங்களும் அடங்கிய படியொன்றைக் கணினிக்கு மாற்றிவிடவேண்டும்.