எலும்பு முறிவும் பிரண்டையும்

இந்தியாவின் வறண்ட நிலப் பகுதிகளில் வேலிகளின் மீதும் புதர்களின் மீதும் படர்ந்து வளரும் கொடிகளுள் பிரண்டை ஒன்று. நாற்கோணமான பச்சைத் தண்டும், கணுவுக்குக் கணு இறுகிச் சங்கிலிபோல் தோன்றும் அமைப்பும் இதனை எளிதில் காட்டிக் கொடுக்கும். வடமொழி நூல்கள் இதனை அஸ்திசம்ஹாரம் என்றும் வஜ்ரவல்லி என்றும் குறிக்கின்றன. தெலுங்கில் இதன் பெயர் நல்லேரு. இந்தியில் இதற்கு ஹட்ஜோட், அதாவது ‘எலும்பை இணைப்பது’ என்று பெயர். தமிழ்நாட்டில் இது துவையலாகவும், அப்பள மாவில் சேர்க்கும் சாறாகவும் சமையலறைக்குப் பழக்கமானது. முறிந்த எலும்பின் மேல் இதனை அரைத்துக் கட்டும் வழக்கமும் நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக உண்டு.

இவ்வழக்கத்தில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்விடத்தில் ஆபத்துத் தொடங்குகிறது என்பதைக் கிராமங்களில் பணியாற்றுவோர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். மரத்திலிருந்து விழுந்த சிறுவனை எங்கே கொண்டு செல்வது என்ற கேள்வி பல சமயங்களில் ஆசிரியரிடமும் களப்பணியாளரிடமுமே முதலில் வந்து சேர்கிறது.

தாவரத்தின் இயல்பு

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாவரவியற் பெயர் சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ். நீர் குறைந்த நிலத்தில் வாழ்வதற்கேற்ற சிறப்பான இயல்பு இதன் சதைப்பற்றுள்ள தண்டில் அமைந்துள்ளது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. பிரண்டைத் தண்டோ வெயில் தணிந்த இரவில் துளைகளைத் திறந்து, அவ்வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொண்டு, பகலில் சூரிய ஒளியின் துணையால் அதிலிருந்து உணவு தயாரிக்கின்றது. ஆகவே, விடியற்காலையில் எடுத்த தண்டின் சாறு மாலையில் எடுத்த சாற்றைவிட அமிலத்தன்மை மிக்கதாக இருக்கும். அமில அளவைக் காட்டும் தாளைக் கொண்டு இதனை வகுப்பில் சோதித்துக் காட்டலாம்.

தண்டை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுதல் நல்லது. இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் தோலில் தைத்து அரிப்பை உண்டாக்கும். துவையலுக்குப் பிரண்டையை நன்றாக வதக்கிப் புளி சேர்ப்பதும் இந்த அரிப்பின் பொருட்டே. பிரண்டையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, ஆதலால் அது எலும்பை ஒட்டவைக்கிறது என்று பலர் எளிதாக முடிவு செய்வர். ஆனால் ஆக்சலேட்டுடன் பிணைந்த சுண்ணாம்புச் சத்தைக் குடல் மிகக் குறைவாகவே ஏற்கும். எனவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

எலும்பு கூடும் விதம்

எலும்பு தானே கூடும் ஆற்றல் உடையது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து உறைகின்றது. அவ்வுறைவினுள் புதிய உயிரணுக்கள் புகுந்து, நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த மென்மையான இணைப்பைப் படைக்கின்றன. நாளடைவில் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கடினமான எலும்பாகின்றது. இறுதியில், மிகுதியானது கரைந்து எலும்பு பழைய உருவை அடைகின்றது. வளர்ந்தவர்களின் முன்கை எலும்பு கூடச் சில வாரங்களும், தொடை எலும்பு கூடச் சில மாதங்களும் ஆகும். குழந்தைகளுக்கு விரைவில் கூடும். முறிந்த முனைகள் நேராகப் பொருந்தியிருத்தலும் அசையாமல் இருத்தலும் இதற்கு இன்றியமையாதவை. கோணலாக நின்ற எலும்பு கோணலாகவே கூடும்.

வாராணசியில் நடந்த ஆராய்ச்சி

பிரண்டையைப் பற்றிய குறிப்பிடத்தக்க ஆராய்ச்சி 1960-களில் காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. ஆயுர்வேதத்திலும் நவீன அறுவை சிகிச்சையிலும் பயின்ற டாக்டர் கே. என். உடுப்பாவும், அவருடைய சகாவான ஜி. சி. பிரசாத்தும் இதனை மேற்கொண்டனர். கார்ட்டிசோன் என்னும் மருந்து எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அம்மருந்து தரப்பட்ட விலங்குகளில் பிரண்டைச் சாரம் அத்தாமதத்தைக் குறைத்தது என்று 1963-இல் அவர்கள் வெளியிட்டனர்.

1964-இல் வெளியான ஆய்வில் இருவகைச் சோதனைகள் இடம்பெற்றன. கூடிய எலும்பின் வலிமையை அளந்தது ஒன்று. கதிரியக்கமுள்ள கால்சியம்-45 முறிந்த இடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று கணக்கிட்டது மற்றொன்று. இரண்டுமே, பிரண்டைச் சாரம் பெற்ற விலங்குகளில் எலும்பு முன்னதாகவே உறுதி பெறுவதைக் காட்டின. இவ்விளைவுக்குத் தாவரத்திலுள்ள ஸ்டீராய்டு வகைப் பொருள் காரணமாகலாம் என்று 1965-இல் அக்குழுவினர் கருத்துத் தெரிவித்தனர். பிற்கால ஆய்வுகளில், எலும்பை ஆக்கும் உயிரணுக்களைப் பிரண்டைச் சாரம் தூண்டுவது ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டது.

சான்றின் எல்லை

இம்முடிவுகள் ஊக்கமளிப்பவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றுட் பெரும்பாலானவை விலங்குகளிலும் உயிரணு வளர்ப்பிலும் பெற்றவை. மனிதர்களில் நடந்த சோதனைகள் சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. மேலும், அளவறிந்து கொடுத்த சாரத்தைப் பற்றிய முடிவை, அரைத்து மேலே கட்டும் பற்றுக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, எலும்பு கூடும் வேகத்தை ஒரு தாவரம் கூட்டினாலும், விலகிய எலும்பை அது நேராக்காது. நேராக்காமல் விரைவில் கூடச்செய்வது ஊனத்தை விரைவில் நிலைபெறச் செய்வதேயாகும்.

பழைய வைத்தியமும் இதனை நன்கு உணர்ந்திருந்தது. சுசுருத சம்ஹிதை மூட்டு விலகலை 6 வகையாகவும், எலும்பு முறிவை 12 வகையாகவும் பிரிக்கின்றது. எலும்பை இழுத்து இடத்தில் பொருத்தி, மரப்பட்டைகளை வைத்துக் கட்டும் முறையை அது விவரிக்கின்றது. கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைக்காது, இறுகினால் வீக்கமும் வலியும் புண்ணும் உண்டாகும் என்று எச்சரிக்கின்றது.

இறுக்கமான கட்டின் தீமை இன்றும் காணக்கூடியதே. வீங்கும் கையை இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படுகின்றது. சுமார் 6 மணி நேரம் இரத்தம் செல்லாவிடில் தசைகள் மீளாச் சேதம் அடைகின்றன. விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். கையையே அகற்ற நேரிடுவதும் உண்டு.

செய்யத்தக்கவை

முறிந்த உறுப்பை இழுக்கவோ உருவவோ கூடாது. மூங்கிற் பட்டை, மரச்சட்டம், மடித்த செய்தித்தாள் ஆகியவற்றுள் ஒன்றை வைத்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதவாறு தளர்வாகக் கட்ட வேண்டும். மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்ற வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடவேண்டும். அப்புண்ணின் மேல் எந்தப் பச்சிலையும் வைத்தலாகாது. பின்னர், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கட்டுப் போட்ட பிறகும் விரல்களைக் கவனித்து வருதல் கடமையாகும். அவை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ குளிர்ந்தோ மரத்தோ போனால், அல்லது விரலை நீட்டும்போது வலி பொறுக்க முடியாததாக இருந்தால், கட்டை அக்கணமே தளர்த்தி மருத்துவரிடம் விரைய வேண்டும்.

பிரண்டைத் துவையலை நோயாளி உண்ண விரும்பினால் அதனைத் தடுக்க வேண்டியதில்லை. சாரமாகவோ மாத்திரையாகவோ உட்கொள்வதாயின் மருத்துவரைக் கேட்டுச் செய்தல் வேண்டும். எலும்பை நேராக வைக்கும் வேலை மருத்துவருடையது. கூட்டும் வேலை உடலினுடையது. அவ்வேலைக்குப் பிரண்டை துணைபுரியக் கூடும் என்பதே ஆராய்ச்சி இதுவரை காட்டியுள்ள செய்தி.