ஒரேயொரு இடைவெளி, கணினியே காலி! தெரியுமா?

நாயாற்றுப் பிள்ளைகளே, பழைய லப்டொப்பில் லினக்ஸ் ஏற்றியாச்சா? அப்படியென்றால் இதை வாசித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்!

ஒரு ஸ்பேஸ் என்ன செய்யும் தெரியுமா? 2011இல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் நிரலில், அழிக்கவேண்டிய கோப்புறையின் பாதைக்கு நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தது. உள்ளே கிடந்த சின்னக் கோப்புறைக்குப் பதிலாக, செயலிகள் குடியிருக்கும் 'யூஎஸ்ஆர்' முழுவதும் போயே போச்சு!

கணினி எச்சரித்தும் கேட்காதவரைத் தெரியுமா? 2021இல் யூடியூபர் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். 'ஆபத்து' என்றது கணினி. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று தட்டச்சு செய்தார். செய்தது! திரையில் டெஸ்க்டாப்பே இல்லை!

பூட்டையெல்லாம் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? 'அனுமதி இல்லை' என்ற தொல்லைக்குப் பயந்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிஎச்மொட் 777' கட்டளையை முழுக் கணினிக்கும் கொடுப்பார்கள் புதியவர்கள். உடனே நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' கட்டளை படுத்துவிடும். திருத்துவதற்கு வேண்டிய அதிகாரமே அந்தச் சூடோவிடம்தான்!

மின்வெட்டும் வில்லன்தான்! 2022இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கிறதா? பற்றரி செத்த லப்டொப்பில் அப்டேட் ஓடும்போது அப்படி நடந்தால் பொதிகள் அரைகுறையாய் நிற்கும். உபுண்டு லினக்ஸில் 'டிபிகேஜி --கன்பிகர் -ஏ' என்ற ஒரு வரி பல நேரம் காப்பாற்றிவிடும்.

லினக்ஸைப் படைத்தவரே தப்பினாரா? இல்லை! 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் மொடெமுக்கு அனுப்பவேண்டிய டயல் கட்டளையை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்த மினிக்ஸ் இயங்குதளம் நாசம். அதை மறுபடி ஏற்றாமல், தான் எழுதிக்கொண்டிருந்த லினக்ஸிலேயே தொடர்ந்தார்!

'டோய் ஸ்டோரி 2' பிழைத்த கதை? 1998இல் 'ஆர்எம்' என்ற அழிப்புக் கட்டளை படத்தின் சுமார் 90 வீதத்தைத் தின்றது. காப்புப் பிரதியும் கைகொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலைசெய்த படக்குழுவின் கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் தப்பியது!

ஆகவே பென்டிரைவில் கொப்பி எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள்! ஏன் தெரியுமா? 2015இல் ஸ்டீமின் நிரலொன்றில் கோப்புறைப் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாகி, 'எல்லாவற்றையும் அழி' என்றாகிவிட்டது. ஒருவர் காப்புக்கென்று செருகி வைத்திருந்த வெளி வன்தட்டையும் அது விட்டுவைக்கவில்லை!