அடிபட்டவருக்கு ஊர் ஏது?

நடுரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் ஐம்பது பேர் கூடி நிற்கிறார்கள். "ஐயோ பாவம்" என்பவர்கள் உண்டு. கை கொடுத்துத் தூக்குபவர்தான் இல்லை. தூக்கினால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, சாட்சி என்று அலைய வேண்டி வருமே என்ற பயம்!

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த தமிழர்களுக்கு இந்தப் பயம் ஒரு பங்கு அதிகம். கன்னடம் சரளமாக வராது. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் நாளை நாமே அடிபட்டு விழுந்தால்? நம்மைத் தூக்குவதற்கும் ஒரு கை வேண்டுமல்லவா?

இந்த நிலையை மாற்றக் கர்நாடகத்தில் நடந்த முயற்சிகளில் ஒரு சட்டசபை உறுப்பினருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்தான் திரு. யு.டி. காதர்.

தந்தையின் தொகுதி

மங்களூரைச் சேர்ந்த திரு. காதர் 1969-ல் பிறந்தவர், சட்டம் படித்தவர். இவருடைய தந்தை திரு. யு.டி. பரீத், உல்லால் தொகுதியிலிருந்து பலமுறை சட்டசபைக்குச் சென்றவர். 2007-ல் தந்தை காலமானதும் நடந்த இடைத்தேர்தலில் மகன் வென்றார். பிறகு 2008, 2013, 2018, 2023 ஆகிய தேர்தல்களிலும் அவரே வென்றார். 2023 மே மாதம் சபாநாயகராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாம் கவனிக்க வேண்டியது, 2013 முதல் 2016 வரை அவர் சுகாதார மந்திரியாக இருந்த காலத்தை.

பெங்களூர் நெரிசலில் ஆம்புலன்ஸ் வண்டி ஊர்ந்து வருவதற்குள் உயிர் போய்விடுகிறது என்பது பழைய குறை. 2015 ஏப்ரலில் மோட்டார் சைக்கிள் ஆம்புலன்ஸ்கள் ஓடத் தொடங்கின. பெரிய வண்டி வரும்வரை முதலுதவி செய்து உயிரைப் பிடித்து வைப்பதே இவற்றின் வேலை.

நெலமங்கலத்தில் நடந்தது

2016 பிப்ரவரி 16. ஹரீஷ் என்ற இளைஞர் சொந்த ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பெங்களூர் திரும்பிக் கொண்டிருந்தார். நெலமங்கலம் அருகே லாரி மோதியதில் அவர் உடல் இரு கூறாகியது. அந்த நிலையிலும் நினைவு தப்பவில்லை. தம் உறுப்புகளைத் தானம் செய்துவிடுமாறு கேட்டுக் கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றும் உயிர் நிற்கவில்லை. ஆனால் ஹெல்மெட் அணிந்திருந்ததால் கண்கள் பழுதுபடவில்லை. அவை தானமாக எடுக்கப்பட்டன.

அவர் துடித்துக் கொண்டிருந்தபோது போனில் படம் பிடித்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்ற செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது.

அடுத்த மாதமே அந்த இளைஞரின் பெயரில் ஒரு திட்டம் வந்தது. 'முக்கியமந்திரி சாந்த்வனா ஹரீஷ்' திட்டம். முதல்வர் திரு. சித்தராமையா, சுகாதார மந்திரி திரு. காதர். கர்நாடகத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 25,000 ரூபாய் வரை அரசே கொடுக்கும் என்பது திட்டம். அடிபட்டவர் எந்த ஊர், ஏழையா பணக்காரரா என்று அந்தத் திட்டம் பார்க்கவில்லை. ரேஷன் கார்டு ஊரில் இருக்க, உடம்பு மட்டும் இங்கே உழைக்கும் நம்மவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம்!

தமிழ்நாட்டிலும் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. அங்கும் வெளிமாநிலத்தார் என்று ஒதுக்குவதில்லை. ஆக, ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நியாயம் வந்தது. 2025 மே மாதம் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தை அறிவித்தது. மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாத சிகிச்சை.

பயத்துக்கு மருந்து

பணம் ஒரு பாதி. பயம் மறு பாதி. போலீஸ் கேஸ் என்று சொல்லி அடிபட்டவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, எந்த டாக்டரும் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே தீர்ப்பளித்தது. கார் மோதிய ஒரு ஸ்கூட்டர்காரரை ஓர் ஆஸ்பத்திரி ஏற்காமல் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார். அதைத் தொடர்ந்து வந்த வழக்கு அது.

உதவி செய்பவரைக் காக்கும் நெறிகளுக்கு 2016 மார்ச்சில் அதே கோர்ட் சட்ட வலிமை தந்தது. கர்நாடக சட்டசபையும் அதே ஆண்டில் இதற்கென்றே ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அப்போது திரு. காதர் வேறு இலாகாவுக்கு மாறிவிட்டார். சுகாதார மந்திரி திரு. கே.ஆர். ரமேஷ் குமார். ஜனாதிபதியின் ஒப்புதல் 2018-ல் கிடைத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது.

இவற்றின் சாரம் இதுதான்: அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தம் பெயர், விலாசம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் கட்டு என்று அவரை நிறுத்தி வைக்கக் கூடாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம். நல்லெண்ணத்தோடு உதவியும் உயிர் போய்விட்டால் அவர்மேல் வழக்கு இல்லை.

நாம் செய்ய வேண்டியது

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் விபத்துச் சாவுகளில் பாதியையாவது தடுக்கலாம் என்று டாக்டர்கள் கூறுவதை 2006-ல் சட்டக் கமிஷனே எடுத்துச் சொல்லியிருக்கிறது.

எனவே, உடனே 108-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். ரத்தம் வழியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர், சோடா எதுவும் புகட்ட வேண்டாம். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால், ஆட்டோவில் மடக்கித் திணிக்காமல் ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் பார்த்துக் கொள்ளுங்கள். வண்டியில் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட வேண்டும். கர்நாடகத்தில் 2016 ஜனவரி முதல் இது கட்டாயம்.

மந்திரிகள் மாறுவார்கள், இலாகாக்கள் கை மாறும். விதான சௌதாவில் சட்டம் நிறைவேறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. மடிவாளாவிலோ, சில்க் போர்டு சந்திப்பிலோ ஒருவர் அடிபட்டு விழும்போது, கூட்டத்தை விலக்கிக் கொண்டு முன்னால் வரும் முதல் ஆளிடம்தான் அந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது. அந்த முதல் ஆள் ஒரு தமிழராக இருக்கட்டுமே!