மார்க் விவியன் ஃபோயே

மார்க் விவியன் ஃபோயே (மே 1, 1975 – ஜூன் 26, 2003) கமரூன் நாட்டைச் சேர்ந்த தொழில்முறைக் காற்பந்து வீரர். நடுக்கள வீரரான இவர் கமரூன் தேசிய அணிக்காகப் பல ஆட்டங்களில் பங்கேற்றார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் முன்னணிக் கழகங்களுக்காக ஆடினார். 2003-ஆம் ஆண்டு கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி ஆட்டத்தின்போது மைதானத்திலேயே மயங்கி விழுந்து, தமது 28-ஆம் வயதில் காலமானார். விளையாட்டு வீரர்களின் இதயப் பரிசோதனை குறித்தும் மைதானத்தில் இருக்க வேண்டிய அவசர மருத்துவ வசதி குறித்தும் காற்பந்து உலகம் தீவிரமாகச் சிந்திக்க இவரது மரணம் முக்கியக் காரணமாக அமைந்தது.

இளமைக்காலம்

ஃபோயே கமரூனின் தலைநகரான யாவுண்டேயில் பிறந்தார். அந்நகரின் புகழ்பெற்ற கேனன் யாவுண்டே கழகத்தில் ஆடி, 1993-இல் கமரூன் கோப்பையை வென்ற அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டு தேசிய அணியிலும் சேர்க்கப்பட்டார். 1994-இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் கமரூன் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 19.

கழக ஆட்டங்கள்

உலகக் கோப்பை முடிந்ததும் பிரான்சின் லான்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. உயரமும் உடல் வலுவும் கொண்ட ஃபோயே, எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே தடுத்துப் பந்தைத் தம் அணியினருக்குக் கொண்டு சேர்ப்பதில் வல்லவர். 1998-இல் லான்ஸ் கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரான்சு லீக் பட்டத்தை வென்றது. மெட்ஸ் கழகமும் அதே புள்ளிகளைப் பெற்றிருந்ததால், கோல் வித்தியாசத்தின் அடிப்படையிலேயே பட்டம் முடிவானது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் ஃபோயேவை வாங்க முன்வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் உலகக் கோப்பைக்கான பயிற்சி முகாமில் அவரது கால் எலும்பு முறிந்தது. அந்த வாய்ப்பும் 1998 உலகக் கோப்பையும் ஒருங்கே கைநழுவின. காயம் ஆறியபின் 1999 ஜனவரியில் லண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகத்தில் சேர்ந்தார்.

2000-ஆம் ஆண்டு அவர் பிரான்சின் லியோன் கழகத்துக்கு மாறினார். மலேரியாக் காய்ச்சலால் சிறிது காலம் ஆட முடியாமல் போனாலும், 2001-இல் பிரான்சு லீக் கோப்பையையும் 2002-இல் லீக் பட்டத்தையும் வென்ற அணியில் இடம்பெற்றார். 2002–03 பருவத்தில் கடன் அடிப்படையில் மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்கு ஆடி, லீக் ஆட்டங்களில் 9 கோல்கள் அடித்தார். அக்கழகத்தின் பழைய மைதானமான மெய்ன் ரோட்டில் சிட்டி அணி அடித்த கடைசிக் கோல், 2003 ஏப்ரலில் சண்டர்லாந்து அணிக்கு எதிராக ஃபோயே அடித்ததாகும்.

தேசிய அணி

2000, 2002 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பையை வென்ற கமரூன் அணியில் ஃபோயே இருந்தார். 2002 உலகக் கோப்பையிலும் ஆடினார். தேசிய அணிக்காக 8 கோல்கள் அடித்துள்ளார்.

மறைவு

2003 ஜூன் 26 அன்று கமரூன் அணி கொலம்பியாவை அரையிறுதியில் சந்தித்தது. ஆட்டம் நடந்த லியோன் நகரின் ஜெர்லான் மைதானம், ஃபோயே லியோன் கழகத்துக்காக ஆடிய சொந்த மைதானமே. கமரூன் 1–0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டத்தின் 72-ஆம் நிமிடத்தில், அருகில் வேறு எந்த வீரரும் இல்லாத நிலையில், நடுவட்டத்தில் அவர் சரிந்து விழுந்தார். களத்தில் முதலுதவி அளித்தபின் வெளியே கொண்டு சென்று, சுமார் 45 நிமிடங்கள் இதயத்தை மீண்டும் இயக்க முயன்றனர். முயற்சி பலனளிக்கவில்லை.

முதல் பிரேதப் பரிசோதனையில் காரணம் தெளிவாகவில்லை. இரண்டாவது பரிசோதனையில், இதயக் கோளாறே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது. மருத்துவர்கள் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று அழைக்கும் இதயத் தசைத் தடிப்பு நோய் அவருக்கு இருந்தது.

நோயின் தன்மை

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இதயத் தசை, குறிப்பாக இடது கீழறையின் சுவர், இயல்புக்கு மீறித் தடித்துவிடுகிறது. இதனால் இதயத்தின் மின் துடிப்பு ஒழுங்கு குலைய வாய்ப்பு உண்டு. கடும் உழைப்பின்போது அவ்வாறு நேர்ந்தால், இதயம் இரத்தத்தை வெளியேற்றாமல் வெறுமனே நடுங்கி நின்றுவிடும்.

பலருக்கு எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. மேலும், தொடர்ந்து பயிற்சி செய்யும் வீரர்களின் இதயம் இயல்பாகவே சற்றுத் தடித்திருக்கும். எது பயிற்சியின் விளைவு, எது நோய் என்று பிரித்தறிய இ.சி.ஜி., எக்கோ போன்ற பரிசோதனைகளும் தேர்ந்த மருத்துவரும் தேவை.

இதயம் இவ்வாறு நின்றால், உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். டிஃபிபிரிலேட்டர் கருவியால் மின்னதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்க வேண்டும். மின்னதிர்ச்சி தரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

காற்பந்தில் ஏற்பட்ட மாற்றங்கள்

ஃபோயே இறந்து ஏழே மாதங்களில், 2004 ஜனவரியில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கழக வீரர் மிக்லோஷ் ஃபெஹெர் மைதானத்தில் சரிந்து உயிரிழந்தார். 2006 உலகக் கோப்பையில், போட்டிக்கு முன் வீரர்களுக்கு இதயப் பரிசோதனை உள்ளிட்ட மருத்துவ ஆய்வை ஃபிஃபா நடைமுறைப்படுத்தியது. மைதானங்களில் டிஃபிபிரிலேட்டரும் பயிற்சி பெற்ற மருத்துவக் குழுவும் இருப்பது படிப்படியாக வழக்கமானது.

இதன் பயன் பிற்காலத்தில் தெரிந்தது. 2012 மார்ச்சில் லண்டனில் ஆட்டத்தின் நடுவே விழுந்த ஃபாப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடங்கள் இயங்கவில்லை. இருந்தும் தொடர் சிகிச்சையால் அவர் உயிர் பிழைத்தார். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் விழுந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனுக்குக் களத்திலேயே மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவர் மறு ஆண்டே மீண்டும் ஆட வந்தார்.

நினைவுகள்

ஃபோயே இறந்த மூன்றாம் நாள் இறுதியாட்டம் நடைபெற்றது. கூடுதல் நேரத்தில் தியெரி ஆன்ரி அடித்த கோலால் பிரான்சு 1–0 என வென்றது. பரிசளிப்பின்போது கமரூன் வீரர்கள் ஃபோயேவின் பெரிய படத்தை ஏந்தி நின்றனர். பிரான்சு அணித்தலைவர் மார்செல் தேசாயி, கமரூன் அணித்தலைவர் ரிகோபெர் சோங்குடன் இணைந்து கோப்பையை உயர்த்தினார். தொடரின் மூன்றாவது சிறந்த வீரருக்கான வெண்கலப் பந்து ஃபோயேவுக்கு அறிவிக்கப்பட்டது. கமரூனில் அரசு மரியாதையுடன் அவரது இறுதிச் சடங்கு நடந்தது.

மான்செஸ்டர் சிட்டி, அவர் அணிந்த 23-ஆம் எண் சட்டையை வேறு எவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்தது. லான்ஸ் நகரில் மைதானத்துக்கு அருகிலுள்ள ஒரு சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பிரான்சு லீக்கில் ஆடும் சிறந்த ஆப்பிரிக்க வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதும் மார்க் விவியன் ஃபோயே பெயரையே தாங்கியுள்ளது.