உங்களுக்குத் தெரியுமா? காய்ச்சலும் பாய்ச்சலுமாய் ஒரு தோட்டம்

காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் தெருக்களில் மாடிகளை அண்ணாந்து பாருங்கள். தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் நாலு பெயிண்ட் வாளி. அதில் கத்தரி, தக்காளி, ஒரு கறிவேப்பிலைக் கன்று. ஐப்பசியில் அழுகும், சித்திரையில் கருகும். அதையும் மீறி விடாமல் வளர்ப்பவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

★ 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் கொட்டிய மழை சுமார் 47 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டே வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்துபோனது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி வெள்ளம். சராசரி மழை என்று ஒரு எண்ணைப் புத்தகத்தில் போடுகிறார்களே, அந்தச் சராசரி ஆண்டு எப்போது வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

★ காஞ்சிபுரம் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். மீதியில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, பெரும்பாலும் சாயங்கால இடிமழையாக. ஆடிப்பட்டத்தில் வெண்டையும் கொத்தவரையும் போடுவது அந்த இடிமழையை நம்பித்தான். பொங்கல் கழிந்தால் மே வரை வானம் பெரிதாக எதுவும் தராது. எவ்வளவு பெய்யும் என்பது நம் கையில் இல்லை. பெய்ததை எத்தனை நாள் மண்ணில் வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது தோட்டக்காரரின் சாமர்த்தியம்.

★ ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை ஒருமுறை பெய்தால் 2,800 லிட்டர்; சிந்தியது, ஆவியானது போக 2,200 லிட்டராவது பிடிக்கலாம். கேன் கணக்கில் 110 கேன்! மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. உங்கள் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

★ சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் பாலாற்றைத் தாண்டிப் போனால் உத்திரமேரூர். குடவோலைத் தேர்தலைச் சொல்லும் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்த 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் தோட்டக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. குடும்பு எனப்பட்ட முப்பது வார்டுகளிலிருந்து சீட்டு எடுத்து, 12 பேரை ஆண்டு வாரியத்துக்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் அனுப்பினார்கள். ஆண்டு வாரியம்தான் மேலானது. அதில் உட்கார வேண்டுமென்றால் கல்வியும் வயதும் மட்டும் போதாது; முன்பே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை பார்த்திருக்க வேண்டும். தண்ணீரும் தோட்டமும் தெரியாதவருக்கு ஊரை ஆளும் இடம் கிடையாது! அந்தத் தகுதியை இன்றைக்கு வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்ற கேள்வியை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

★ ஸ்ரீபெரும்புதூர் பெயரில் கார் தொழிற்சாலைகள் மட்டுமல்ல, ஒரு பாறைப் படிவமும் உண்டு. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய களிப்பாறை அது. அதில் அந்தக் காலத்துச் செடிகளின் இலை அச்சுகள் கிடைத்திருக்கின்றன. களிப்பாறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆனால் போர்வெல்லுக்கு எளிதில் விடாது.

★ தண்ணீர் தேவையா இல்லையா என்பதைத் தானே முடிவு செய்யும் சொட்டுநீர்க் கருவி ஒன்று இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், டைமர் வேண்டாம். அதன் பெயர் மண்பானை. வர்ணம் பூசாத சின்னப் பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானைச் சுவர் வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்துவிடும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. ஓவர் டைம் பார்த்துவிட்டு வந்து இருட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது. சித்திரையில் மட்டும் கொசு புகாமல் மூடியைச் சரியாகப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன்; பன்னிரண்டு மாதமும் போடுங்கள்.

★ இளநீர்க் கடையில் தூக்கிப் போடும் மட்டை ஒரு தண்ணீர்த் தொட்டி. தேங்காய் மட்டை தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடிக்கும். தென்னந்தோப்பில் மரத்தடிப் பாத்தியில் அதைப் புதைப்பார்கள், குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி. ஒருமுறை புதைத்தால் ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை பலன் தரும். தொட்டிக்கும் அதே வழிதான், அடியில் இரண்டு துண்டு. கடையில் கட்டியாக விற்கும் தென்னை நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதில் உப்பு இருக்கும்.

★ மூடாக்கு என்ற சொல்லை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார். வெயில் மண்ணில் நேராக விழக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். காய்ந்த இலை, வைக்கோல் எதுவும் சரி. நெடுஞ்சாலை ஓரக் கரும்புச்சாறு வண்டியில் கேட்டால் சக்கையைச் சும்மாவே கொடுப்பார்கள். அலசிக் காயவைக்காமல் போட்டால் எறும்பு படையெடுக்கும்.

★ 2003 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் கறுப்புப் பை, கறுப்புத் தொட்டி எல்லாம் வேரை வேகவைத்துவிடும். கத்திரி வெயில் தொடங்கும் முன்பே தொட்டிகளை நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழும். மேலே 50 விழுக்காடு நிழல்வலை.

★ உச்சி வெயிலில் கத்தரி இலை துவண்டால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுகிறது. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் குறை ஒன்றுமில்லை. காலையிலும் துவண்டே இருந்தால்தான் தாகம். இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காமல் போனாலும் செடி இதே மாதிரிதான் துவளும். அப்போது தண்ணீர் ஊற்றுவது கொலை. இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

★ தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். ஒருநாள் காயவிட்டு ஒருநாள் மூழ்கடிப்பதால் அது மேலே ஏறாது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. அது கரைய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இந்தச் செடியின் ஆயுள் முடிந்துவிடும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது, தக்காளிக்கு ஆகாது.

★ எலுமிச்சைக்கும் காகிதப்பூவுக்கும் நேர்மாறு. சில நாள் தண்ணீரை நிறுத்தி வாடவிட்டுப் பிறகு பாய்ச்சினால் எலுமிச்சை பூக்கத் தொடங்கும். காகிதப்பூவுக்குத் தினமும் ஊற்றினால் இலையாகத் தள்ளும், பூ வராது.

★ வீட்டு ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுபவர்கள் கவனிக்க. வடிகட்டிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தொட்டி மண்ணில் வெள்ளை பூத்தால் அதுதான் காரணம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ மழைநீரைப் போல உப்பில்லாதது, ஒரு வாளி வைத்துப் பிடிக்கலாம்.

★ மழைக்காலத்தில் முருங்கைக் கம்பளிப் புழுக்கள் பகலில் அடிமரத்தில் மொத்தையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரவில்தான் இலைக்கு ஏறும். வேட்டைக்குப் பகல்தான் நேரம்.

★ இந்திய வானிலை ஆய்வுத் துறை வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், விவசாயிகளுக்கான வானிலை ஆலோசனை தருகிறது. மாவட்ட வாரியாக, அடுத்த ஐந்து நாள் மழைக் கணிப்போடு. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்குத்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மழை வரப்போகிறது என்றால் அன்று உரம் போடாதீர்கள், கரைந்து ஓடிவிடும்.

★ தொட்டியோரம் தானாக முளைக்கும் பருப்புக்கீரை சாதாரணச் செடி அல்ல. நல்ல காலத்தில் சோளத்தைப் போல வேகமாக உணவு தயாரிக்கும். வறட்சி வந்தால் கள்ளிச்செடியின் வழிக்கு மாறி, நீர் வீணாகாதபடி இரவில் காற்றை உள்வாங்கும். இரண்டு வேலையும் ஒரே செல்லுக்குள் நடக்கிறது என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினார்கள். களை என்று பிடுங்கி எறிவதற்கு முன்னால் ஒரு கைப்பிடியை மசியலுக்கு எடுத்து வையுங்கள். துவரம்பருப்போடு நன்றாகச் சேரும்.